ஏ1, ஏ2 இரண்டோடும் ஊஸ்போர் (பாலினச் சேர்க்கையில் உண்டாகும் வித்து) வருகிறது. எந்த இணைவகை?

கேள்வி
உருளைக்கிழங்கு பின்பருவ இலைக்கருகலில் இருந்து பிரித்த பைட்டோப்தோரா இன்ஃபெஸ்டன்ஸ் (இந்நோயை உண்டாக்கும், பூஞ்சை போன்ற உயிரி). வி8 அகாரில் (காய்கறிச் சாறு ஊடகம்) ஏ1, ஏ2 டெஸ்டர்களோடு (இணைவகை தெரிந்த வளர்ப்புகள்) தனித்தனியே வைத்ததில் 12 நாளில் இரண்டு தட்டிலும் ஊஸ்போர். தன்னிணைவு வகை (துணையின்றித் தானே ஊஸ்போர் உண்டாக்குவது) என்று எழுதலாமா?

பதில் 1
இப்போதைக்கு எழுதாதீங்க. டெஸ்டர் இல்லாம அந்த வளர்ப்பை மட்டும் வச்ச தட்டு இருக்கா? கூடவே ஏ1×ஏ1, ஏ2×ஏ2, ஏ1×ஏ2 தட்டுகளும் வேணும். தனித் தட்டு காலியா இருந்தா முதல் சந்தேகம் டெஸ்டர் மேலதான். ரெண்டுல ஒண்ணு கலந்துபோயிருக்கும்.

தனித் தட்டுலயும் ஊஸ்போர் இருந்தா, முதல்ல பித்தியமான்னு (வேகமா வளரும் வேற உயிரி) பாருங்க. 9 செ.மீ. தட்டை ரெண்டு மூணு நாள்ல நிரப்பிடுச்சுன்னா அது இன்ஃபெஸ்டன்ஸ் இல்லை. 400 மடங்குல ஆந்தெரிடியத்தை (ஆண் உறுப்பு) தேடுங்க. இன்ஃபெஸ்டன்ஸ்ல அது ஊகோனியத்தோட (பெண் உறுப்பு) அடியில காலர் மாதிரி சுத்தி நிக்கும். பித்தியத்துல பெரும்பாலும் பக்கவாட்டுல ஒட்டியிருக்கும்.

பித்தியம் இல்லைன்னா, ஸ்போராஞ்சியத்தை (வித்துப்பை) குளிர்ந்த நீர்ல 2 மணி நேரம் வச்சு, வெளிவரும் ஜூஸ்போரை (நீந்தும் வித்து) மெல்லிசா அகார்ல பரப்பி, தனித்தனிக் காலனியா எடுத்துத் திரும்ப சோதிங்க. ஏ1, ஏ2ன்னு பிரிஞ்சா அது ரெண்டு வகையும் கலந்த வளர்ப்பு. ஒவ்வொரு காலனியும் தனியாவே ஊஸ்போர் விட்டா மட்டும் தன்னிணைவு.

பதில் 2
அமைப்பையும் சரிபாருங்கள். 5 மி.மீ. துண்டுகள், இடையே 3 செ.மீ., 18–20 டிகிரி, இருட்டு, 10–14 நாள். கலப்பில்லாத வளர்ப்பில் இரண்டு காலனியும் தொடும் கோட்டில்தான் ஊஸ்போர் திரளும். தட்டு முழுக்கச் சிதறியிருந்தால் வளர்ப்பே கலந்தது என்ற சந்தேகம் வலுக்கும்.

ஊஸ்போரே வராத எதிர்ச் சிக்கலும் உண்டு. இந்த உயிரியால் ஸ்டீரால் (கொழுப்பு வகைச் சேர்மம்) தயாரிக்க முடியாது. அது இல்லாத செயற்கை ஊடகத்தில் ஏ1×ஏ2 வைத்தாலும் ஊஸ்போர் வராது. வி8, ரை தானிய அகாரில் தாவர ஸ்டீரால் இருப்பதால் கவலையில்லை.

பதில் 3
ஒன்று சேர்க்கிறேன். ஏ1, ஏ2 என்பவை ஆண், பெண் அல்ல. இரண்டுமே இரு உறுப்பும் உண்டாக்கும். ஏ1 விடும் ஹார்மோன் ஏ2-வைத் தூண்டும், ஏ2 விடுவது ஏ1-ஐ. இடையில் நுண்துளைச் சவ்வு வைத்து இழைகள் தொடாமல் தடுத்தாலும் ஊஸ்போர் வரும், அது தற்கலப்பு (ஒரே வளர்ப்பின் இரு உறுப்பும் சேர்வது). ஆகவே தொடுகோட்டு ஊஸ்போர் எல்லாம் கலப்பினம் என்று எண்ண வேண்டாம். அதற்கு எஸ்எஸ்ஆர் மார்க்கரில் (டிஎன்ஏ அடையாளக் குறி) இரு பெற்றோரின் அல்லீலும் (அந்தக் குறியின் வடிவம்) தெரிய வேண்டும்.

ஏ2 கிடைத்தாலே வயலில் பாலினப் பெருக்கம் நடக்கிறது என்றும் ஆகாது. தென்னிந்தியத் தக்காளியில் 2009–10இல் பரவிய 13_ஏ2 என்ற ஏ2 வம்சம் ஒரே குளோன் (பாலினமின்றிப் பெருகிய ஒரே மரபுவழி). இரண்டு வகையும் ஒரே இலையில் சந்திக்கிறதா என்பதை அதே வயலின் பல புண்களில் இருந்து பிரித்துத்தான் சொல்ல முடியும்.