சிலம்ப வகுப்புக்குப் பிள்ளைகளைச் சேர்க்கச் சாட்பாட் வைக்கலாமா?

கோவில் மண்டபம் (தொடங்கியவர்)

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்துக் கோவில் மண்டபத்தில் 18 ஆண்டுகளாகச் சிலம்பம் கற்றுக்கொடுக்கிறேன். ஒரு காலத்தில் 41 பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். இன்று 17 பேர். ரப்பர் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, தொழிலாளர் லயங்கள் காலியாயின, குடும்பங்கள் பட்டணத்துத் தாமான் குடியிருப்புகளில் சிதறிவிட்டன.

சென்ற வாரம் ஒரு நிறுவனத்தார் தேடி வந்தார்கள். மாதம் 150 வெள்ளி கொடுத்தால், செயற்கை நுண்ணறிவில் இயங்கும் சாட்பாட் ஒன்றை வகுப்பின் புலன (வாட்ஸ்அப்) எண்ணில் இணைத்துத் தருவார்களாம். யார் எந்நேரம் கேட்டாலும் பதில் சொல்லும், இலவச முதல் வகுப்புக்குப் பெயர் பதியும், நின்றுபோன பிள்ளைகளைத் திரும்ப அழைக்கும் என்றார்கள். என் மாதக் கட்டணம் 30 வெள்ளி. ஐந்து பிள்ளைகளின் கட்டணம் இதற்கே போய்விடும். ஆனாலும் மனம் அலைபாய்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய மண்டோர்

வேண்டாம் ஆசான். என் ஆசான் என்னைச் சேர்த்துக்கொண்ட நாள் இன்னும் கண்ணில் நிற்கிறது. முதலில் பெயரைக்கூடக் கேட்கவில்லை. ஒரு பிரம்பை என் பக்கத்தில் நிறுத்தி, புருவத்துக்கு நேராகச் சுண்ணாம்பால் கோடு இழுத்து, அங்கேயே வெட்டினார். முனையைத் தீயில் வாட்டி, சூடு ஆறும்வரை தன் கையிலேயே வைத்திருந்து, பிறகுதான் கொடுத்தார். "இது உன் அளவு" என்றார். அந்த நொடியில் நான் அவருடைய பிள்ளையாகிவிட்டேன். இதை எந்தப் பொறி செய்யும்?

நம் ஊர்க் கதையையே பாருங்கள். 1960-இல் அமைச்சராயிருந்த துன் சம்பந்தன், தொழிலாளர் பணத்தில் தோட்டங்களை வாங்கத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசித்தான் தொழிலாளர்களைச் சேர்த்தார்கள். அரை வயிற்றுச் சம்பளத்திலிருந்து பணம் எடுத்துக் கட்டினார்கள் என்றால், எதிரே நின்ற முகத்தை நம்பித்தான் கட்டினார்கள். பிள்ளையைக் கொடுப்பது அதைவிடப் பெரிய காரியம்.

இரவுப்பணித் தாய்

ஐயா, உங்கள் காலத்தில் ஆசான் லயத்துக் கோடியிலேயே இருந்தார். தண்ணீர்க் குழாயடியில் பார்த்துப் பேசிக்கொள்ளலாம். நான் தொழிற்சாலையில் மாற்று நேரப் பணியில் இருக்கிறேன். வீட்டுக்கு வந்து, சமைத்து, பிள்ளைகளைப் படுக்கவைத்துவிட்டுக் கைப்பேசியை எடுக்கும்போது மணி பதினொன்றைத் தாண்டிவிடும். மகளுக்காக மூன்று வகுப்புகளுக்குச் செய்தி அனுப்பினேன். இரண்டு இடங்களில் மூன்று நாள் கழித்தும் பதில் இல்லை. ஒன்றில் மட்டும் சாட்பாட் உடனே நேரம், இடம், கட்டணம் எல்லாம் சொன்னது. மகள் இன்று அங்கேதான் கராத்தே பழகுகிறாள். சிலம்பம் பழக வேண்டும் என்பதுதான் என் ஆசை. ஆனால் சிலம்பக்காரர் பதில் போடவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "கட்டணத்தை இரண்டு தவணையாகக் கட்டலாமா?" என்று நேரில் கேட்க எனக்கு நாக்கு எழாது. நான்கு பெற்றோர் சுற்றி நிற்கும் இடத்தில் எப்படிக் கேட்பது? பொறியிடம் கூச்சமில்லாமல் கேட்டேன். "கட்டலாம்" என்று பதில் வந்தது. அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

பினாங்கு நிரலாளன்

இந்தத் தொழிலில் இருப்பவன் என்பதால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். இந்தப் பொறி எதையும் அறிந்துகொண்டு பேசுவதில்லை. படித்த எழுத்தையெல்லாம் வைத்து, அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்துக்கொண்டே போகிறது. உங்கள் கட்டணத்தையும் வகுப்பு நேரத்தையும் எழுதிக் கொடுத்தால் அதைப் பார்த்துச் சொல்லும். எழுதிக் கொடுக்காததைக் கேட்டால், தெரியாது என்று ஒதுங்காமல் தானாக ஒன்றைக் கோத்துச் சொல்லிவிடவும் கூடும். கோத்துச் சொல்வதும் அதே தெளிவான நடையில்தான் இருக்கும், வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது.

தமிழ் எழுத்துகளை அது ஆங்கிலத்தைவிடச் சிறு சிறு துண்டுகளாக உடைத்துப் படிப்பதால் செலவும் கூடும். நம் மக்களோ பெரும்பாலும் ரோமன் எழுத்தில் தமிழையும் மலாயையும் கலந்து அனுப்புவார்கள், பாட்டிமார் குரல் பதிவு அனுப்புவார்கள். வாங்குவதற்கு முன், உங்கள் பெற்றோர் அனுப்பிய உண்மையான செய்திகளில் இருபதை எடுத்து, அந்த நிறுவனத்தார் முன்னாலேயே பொறியிடம் கொடுத்துப் பாருங்கள். குரல் பதிவும் இருக்கட்டும்.

"திரும்ப அழைக்கும்" என்றார்களே, அதிலும் வரம்பு உண்டு. புலனத்தின் வணிகச் சேவையில், ஒருவர் கடைசியாகச் செய்தி அனுப்பியதிலிருந்து 24 மணி நேரம்தான் நாம் விருப்பம்போல் எழுதலாம். அதன்பின் புலன நிறுவனத்திடம் முன்கூட்டியே ஒப்புதல் பெற்ற வார்ப்புச் செய்திகளை மட்டுமே அனுப்ப முடியும்.

இழுப்புக்காரப் பையனின் தகப்பன்

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். வகுப்பின் பெயர் வேண்டாம். என் மகனுக்கு எட்டு வயது, ஆஸ்துமா உண்டு. இரவு பத்தரைக்குச் செய்தி அனுப்பினேன்: "பையனுக்கு இழுப்பு வரும், சேரலாமா?" அரை நிமிடத்தில் பதில். "தாராளமாகச் சேரலாம். பயிற்சி நுரையீரலை வலுப்படுத்தும். மாஸ்டர் ஒவ்வொரு மாணவரையும் தனியாகக் கவனிப்பார். சனிக்கிழமை இடம் பதிந்துவிட்டேன்." எழுதியது மாஸ்டர்தான் என்று நம்பினேன்.

சனிக்கிழமை திடலை மூன்று சுற்று ஓடவிட்டார்கள். இரண்டாவது சுற்றிலேயே பையன் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டான். உதடு வெளுத்துவிட்டது. நான் வேலியைத் தாண்டி ஓடி, அவன் பைக்குள் துழாவி மருந்துக் குழலை எடுத்து வாயில் வைத்தேன். மாஸ்டர் பதறிப்போய், "இவனுக்கு இழுப்பு உண்டு என்று ஏன் சொல்லவில்லை?" என்றார். கைப்பேசியைக் காட்டினேன். நின்றபடியே படித்தார். அந்தச் செய்தியை அவர் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்.

அவர் கெட்டவர் அல்லர். அவர் பெயரில் வேறொன்று பேசியிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அந்த "அவ்வளவுதான்" என் பிள்ளையின் மூச்சு.

பினாங்கு நிரலாளன்

படிக்கவே வருத்தமாக இருக்கிறது அண்ணா. ஆனால் அது அமைத்தவர்களின் பிழை. நோய், காயம், மருந்து என்று எது வந்தாலும் பதில் சொல்லாமல் ஆளிடம் ஒப்படைக்கும்படி அமைக்க முடியும்.

இழுப்புக்காரப் பையனின் தகப்பன்

அமைக்க முடியும் தம்பி. அமைத்தார்களா என்று யார் பார்ப்பது? விற்பவர் மாதக் கட்டணம் வந்தால் போதும் என்று இருக்கிறார், வாங்குபவருக்கு அதைச் சோதிக்கத் தெரியாது. கனடாவில் ஏர் கனடா விமான நிறுவனத்தின் சாட்பாட், துக்கக் காரியத்துக்குப் போகும் பயணிக்குச் சலுகைக் கட்டணம் பற்றித் தவறான தகவல் கொடுத்தது. "சாட்பாட் சொன்னதற்கு நாங்கள் பொறுப்பல்ல" என்ற அவர்களுடைய வாதத்தை 2024-இல் தீர்ப்பாயம் ஏற்கவில்லை, இழப்பீடு கொடுக்கச் சொன்னது. பெரிய நிறுவனம், கட்டிவிட்டது. ஆசான், 30 வெள்ளி வாங்கும் நீங்கள் எதைக் கொண்டு கட்டுவீர்கள்?

நம் நாட்டிலும் 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. உடல்நல விவரத்தை அது சாதாரணத் தகவலாகப் பார்ப்பதில்லை, வெளிப்படையான ஒப்புதல் கேட்கிறது. 18 வயதுக்குட்பட்டவர் என்றால் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். என் மகனின் நோய் விவரம் இப்போது எந்தக் கணினியில் கிடக்கிறது என்று எனக்குத் தெரியாது. கேட்டால் மாஸ்டருக்கும் தெரியவில்லை.

இரவுப்பணித் தாய்

அண்ணன் சொன்னதைப் படித்துக் கை நடுங்கிவிட்டது. இருந்தாலும் என் பக்கத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன். பதில் போடாத ஆசானாலும் பிள்ளைகளுக்கு இழப்பு உண்டு. என் மகள் சிலம்பம் எடுக்காமல் போனதற்கு எந்தப் பொறியும் காரணமில்லை.

கோவில் மண்டபம்

அம்மா, அந்தப் பதில் போடாத சிலம்பக்காரன் நானாகவும் இருக்கலாம். பழைய செய்திகளை நேற்று இரவு எடுத்துப் பார்த்தேன். நான் திறந்துகூடப் பார்க்காதவை பதினொன்று. ஒன்று தீபாவளிக்கு முன் வந்தது.

இப்படிச் செய்யலாம் என்று நினைக்கிறேன். 150 வெள்ளிப் பொறி வேண்டாம். புலனத்தின் வணிகச் செயலியில் தானியங்கி வாழ்த்துச் செய்தி இலவசமாகவே உண்டு. அதில் நாள், நேரம், இடம், 30 வெள்ளி, தவணையாகவும் கட்டலாம், முடியாதவர்கள் தனியாகச் சொல்லுங்கள் என்று நானே எழுதி வைக்கிறேன். "இது தானாக வரும் செய்தி, நாளை மாலைக்குள் நானே அழைப்பேன்" என்பதை முதல் வரியாகப் போடுகிறேன். உடல்நலம் பற்றி எழுத வேண்டாம், நேரில் பேசுவோம் என்பது கடைசி வரி.

பினாங்கு நிரலாளன்

மாணவர் 17 பேர் என்றால் இது போதும். நூறைத் தாண்டும்போது யோசிக்கலாம். ஆனால் நாளை மாலைக்குள் அழைப்பேன் என்று எழுதிவிட்டு அழைக்காமல் இருந்தால், பதிலே போடாததைவிட அது மோசம் ஆசான்.

பழைய மண்டோர்

தானியங்கிச் செய்தியையும் நான் ஏற்கவில்லை. அதையும் ஆசான் சொன்னதாகத்தான் பாட்டி நினைப்பாள். நின்றுபோன 24 பிள்ளைகளை யார் அழைப்பது?

கோவில் மண்டபம்

அதை எந்தச் செய்தியிடமும் விடப் போவதில்லை ஐயா. வருகைக் குறிப்பேடு கையில் இருக்கிறது. பெயர் தெரியும், இப்போது எந்தத் தாமானில் இருக்கிறார்கள் என்றுதான் தெரியவில்லை.

பழைய மண்டோர்

அவர்களில் ஒன்பது பேரின் வீடு எனக்குத் தெரியும். ஞாயிறு காலை 8 மணிக்கு மோட்டார் சைக்கிளோடு என் வீட்டு வாசலுக்கு வாருங்கள்.