அப்பாவுக்கு ஏபி, அம்மாவுக்கு பி, குழந்தைக்கு ஓ என்று வந்திருக்கிறது. இப்படி நடக்குமா?

சயான் வாசி:

எல்லோருக்கும் வணக்கம். சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். எனக்கு ஏபி பாசிட்டிவ், மனைவிக்கு பி பாசிட்டிவ், ஆறு வயதுப் பெரியவனுக்கு பி பாசிட்டிவ். போன வாரம் இரண்டரை வயது மகளுக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம், பிளேட்லெட் இறங்கிக்கொண்டே வந்ததால் எதற்கும் இருக்கட்டும் என்று குரூப் பார்த்தார்கள், ஓ பாசிட்டிவ் என்று வந்தது. நல்லவேளையாக எதுவும் ஏற்ற வேண்டி வரவில்லை. வீட்டுக்கு வந்துவிட்டாள், ஓடியாடுகிறாள்.

ஆனால் வீட்டில் நிம்மதி போய்விட்டது. பார்க்க வந்திருந்த உறவுக்காரர் ஒருவர் ரிப்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஏபி அப்பாவுக்கு ஓ குழந்தை பிறக்கவே பிறக்காதே" என்றார். அதை என் அம்மா கேட்டுவிட்டார். மறுநாள் காலையில் அடுப்படியில் வைத்து என் மனைவியிடம் கேட்கக்கூடாத ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டார். மூன்று நாளாக அவள் யாரோடும் பேசவில்லை, சரியாகச் சாப்பிடவும் இல்லை.

அவள் எனக்குச் சொந்த அத்தை மகள். பாவாடை சட்டை போட்ட காலத்திலிருந்து தெரியும். எனக்கு அவள் மேல் துளிகூடச் சந்தேகம் கிடையாது. ஆனால் இது எப்படி நடந்தது என்று எனக்குத் தெரிந்தால்தான் அம்மாவிடம் வாய் திறக்க முடியும். விஷயம் தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

முலுண்ட் கார்த்தி:

பள்ளியில் படித்தபடி பார்த்தால் உறவுக்காரர் சொன்னது சரிதான். ஏபி உள்ளவரிடம் ஒரு ஏ மரபணு, ஒரு பி மரபணு என்று இரண்டுதான் இருக்கும், அதில் ஒன்றைக் குழந்தைக்குக் கொடுத்தே ஆகவேண்டும், அதனால் குழந்தைக்கு ஏ, பி, ஏபி இந்த மூன்றில் ஒன்றுதான் வரும். லேபில் யாருடைய ரத்தத்தையோ மாற்றிப் பார்த்திருப்பார்கள். இல்லையென்றால் ஒரு டிஎன்ஏ டெஸ்ட் எடுத்துவிடுங்கள், பிரச்சினை முடிந்தது.

மாட்டுங்கா மாமி:

கார்த்தி, கோபித்துக்கொள்ளாதே. அடுப்படியில் அந்தக் கேள்வியைக் கேட்டு மூன்று நாளாகச் சாப்பிடாமல் இருக்கிற பெண்ணிடம் போய், "வா, டிஎன்ஏ டெஸ்ட் எடுக்கலாம்" என்று புருஷன் சொன்னால் அவளுக்கு எப்படி இருக்கும்? அப்புறம் ரிப்போர்ட் நல்லபடியாக வந்தாலும் அந்த வார்த்தை போகாது.

சயான் தம்பி, உங்களுக்கும் ஒன்று சொல்கிறேன். விஞ்ஞானம் தெரிந்த பிறகு அம்மாவிடம் பேசிக்கொள்ளலாம் என்று நீங்கள் காத்திருக்கிற ஒவ்வொரு நாளும் அந்தப் பெண் தனியாக நிற்கிறாள். சந்தேகமே இல்லை என்று எங்களிடம் எழுதுகிறீர்களே, அதை அம்மா காதில் விழும்படி இன்றைக்கே சொல்லுங்கள். காரணம் மெதுவாகத் தெரியட்டும்.

பரேல் லேப்காரர்:

இருபத்திரண்டு வருஷமாக ரத்த வங்கி பெஞ்சில் வேலை பார்க்கிறவன் எழுதுகிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஓ என்று ரிப்போர்ட் எப்படி வருகிறது தெரியுமா? ரத்தத்தில் ஆன்டி-ஏ ஒரு சொட்டு, ஆன்டி-பி ஒரு சொட்டு விட்டுப் பார்ப்போம். ஏ இருந்தால் அந்தப் பக்கம் செல்கள் ஒட்டித் திரளும், பி இருந்தால் இந்தப் பக்கம். இரண்டிலும் திரளவில்லை என்றால் ஓ என்று எழுதிவிடுவோம். அவசரத்தில் பல இடங்களில் ஸ்லைடில் இதை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிடுவார்கள். இங்கேதான் ஒரு ஓட்டை இருக்கிறது. உண்மையான ஓ ரத்தத்தில் ஏ, பி இருக்காது, ஆனால் எச் என்ற ஒரு பொருள் நிறைய இருக்கும். அபூர்வமாகச் சிலருக்கு அந்த எச்சும் இருக்காது. அவர்களுக்கும் ஸ்லைடில் ஓ என்றுதான் தெரியும். அதற்குப் பெயரே பாம்பே குரூப். 1952-ல் நம் மும்பை பரேல் கே.ஈ.எம். ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒய்.எம். பேண்டேயும் அவரோடு வேலை செய்தவர்களும் கண்டுபிடித்தது, அதனால்தான் உலகம் முழுக்க நம் ஊர்ப் பெயரைச் சொல்கிறார்கள். இந்தியாவில் ஏறத்தாழ 10,000 பேரில் ஒருவருக்கு இருக்கும் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. ஐரோப்பாவில் பத்து லட்சத்தில் ஒருவர் என்பார்கள்.

அப்பா அம்மா குரூப்பை வைத்துப் பார்த்தால் வரவே முடியாத ஓ வந்திருக்கிறது, அதுவும் பெற்றோர் சொந்தத்தில் கட்டியவர்கள் என்றதும் எனக்கு முதலில் தோன்றியது இதுதான். ஆனால் அதற்கு முன்னால் சாதாரண காரணங்களைத் தள்ளிவிட வேண்டும். டெங்கு சீசனில் சாம்பிள் மாறுவது நடக்கிற விஷயம். ஏ அல்லது பி மிக வலுவில்லாமல் இருந்தாலும் ஸ்லைடில் தெரியாமல் போகும். அபூர்வத்திலும் அபூர்வமாக ஏ, பி இரண்டும் ஒரே குரோமோசோமில் சேர்ந்து உட்கார்ந்திருக்கும் ஏபி ஆட்களும் உண்டு, அவர்களுக்கு ஓ குழந்தை பிறக்கலாம்.

அதனால் செய்ய வேண்டியது: பெரிய ரத்த வங்கி ஒன்றுக்குப் போய் புதிதாக ரத்தம் கொடுத்து, டியூப் முறையில் பார்க்கச் சொல்லுங்கள், ரிவர்ஸ் குரூப்பிங் செய்யச் சொல்லுங்கள், ஆன்டி-எச் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த மூன்று வார்த்தையையும் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ரிவர்ஸ் என்றால் குழந்தையின் சீரத்தை, அதாவது ரத்தத்தில் செல்கள் போக மிஞ்சும் தெளிந்த நீரை, எடுத்துத் தெரிந்த ஏ செல், பி செல், ஓ செல்லோடு கலந்து பார்ப்பது. சாதாரண ஓ ஆளின் சீரம் ஏ, பி செல்களைத் திரட்டும், ஓ செல்லைத் தொடாது. பாம்பே ஆளின் சீரம் ஓ செல்லையும் திரட்டிவிடும், அந்த டியூபைக் கையில் எடுத்து ஆட்டிப் பார்க்கும்போதே ஒரு மாதிரி இருக்கும். கைக்குழந்தையாக இருந்தால் இந்தச் சோதனையை நம்ப முடியாது, முதல் சில மாதங்கள் அம்மாவிடமிருந்து வந்த ஆன்டிபாடிதான் உடம்பில் இருக்கும். இரண்டரை வயது என்றால் கவலையில்லை. ஆன்டி-எச் என்பது யூலெக்ஸ் என்ற ஐரோப்பிய முட்செடியின் விதையிலிருந்து எடுத்த சாறு, ஓ செல்லில் விட்டால் நன்றாகத் திரளும், பாம்பே செல்லில் ஒன்றும் நடக்காது.

சயான் வாசி:

மாமி, நேற்று ராத்திரி அம்மாவிடம் பேசிவிட்டேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன், ஆனால் மனைவி இன்று காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டாள். நன்றி.

லேப்காரர் அண்ணா, ஒன்று மட்டும் புரியவில்லை. எனக்கும் அவளுக்கும் குரூப் சாதாரணமாகத்தானே தெரிகிறது? எங்கள் இரண்டு பேரிடமும் இல்லாதது குழந்தைக்கு எங்கிருந்து வந்தது?

செம்பூர் டீச்சர்:

இதற்கு நான் பதில் சொல்கிறேன், பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புக்கு உயிரியல் எடுக்கிறேன். இந்தக் கேள்வியை வகுப்பில் யாராவது கேட்க மாட்டார்களா என்று ஏங்கியிருக்கிறேன்.

நாம் சால் வீட்டு (வரிசையாக அறைகள் உள்ள குடியிருப்பு) வராந்தாவில் துணி காயப்போடுகிறோம் இல்லையா, முதலில் கொடி கட்ட வேண்டும். எச் என்பது அந்தக் கொடி. ஏ மரபணு அதன் நுனியில் ஒரு வகைச் சர்க்கரையை மாட்டுகிறது, பி மரபணு வேறொரு சர்க்கரையை மாட்டுகிறது. ஓ மரபணுவில், பெரும்பாலானவர்களிடம், ஓர் எழுத்து விடுபட்டுப்போனதால் அது செய்கிற நொதி வேலை செய்யாது, கொடி வெறுமனே இருக்கும். ஏ, பி, ஓவைத் தீர்மானிக்கிற மரபணு 9-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. கொடி கட்டுகிற மரபணு அதோடு சம்பந்தமே இல்லாமல் 19-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. இரண்டும் தனித்தனியாகப் பிள்ளைக்குப் போகும். கொடியே கட்டப்படவில்லை என்றால் வாளியில் எவ்வளவு துணி இருந்தாலும் வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. ஒரு மரபணு இன்னொன்றின் வெளிப்பாட்டை மறைப்பதை எபிஸ்டாசிஸ் என்போம். பாடப்புத்தகத்தில் கட்டம் போட்டுக் காட்டுவோம், பிள்ளைகள் மனப்பாடம் செய்து எழுதிவிட்டு மறந்துவிடுவார்கள்.

கொடி மரபணு ஒவ்வொருவருக்கும் இரண்டு பிரதி உண்டு, அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. ஒன்று கெட்டிருந்தாலும் மற்றது கொடியைக் கட்டிவிடும், அதனால் உங்களுக்கும் உங்கள் மனைவிக்கும் எதுவும் தெரிந்திருக்காது. இரண்டு பேரிடமும் தலா ஒரு கெட்ட பிரதி இருந்து, அந்த இரண்டும் ஒரே குழந்தைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் இப்படி ஆகும். ஒவ்வொரு பிரசவத்திலும் அதற்கு நான்கில் ஒரு வாய்ப்பு. நாலாவது பிள்ளைக்கு வரும் என்று அர்த்தம் இல்லை, ஒவ்வொரு முறையும் புதிதாகச் சோழி உருட்டுவது போல. மெண்டல் 1866-ல் அச்சிட்ட பட்டாணிக் கணக்கும் இதுதான். நெட்டையும் குட்டையும் சேர்த்தபோது முதல் தலைமுறை முழுக்க நெட்டை. அவற்றின் விதையைப் போட்டபோது 787 நெட்டை, 277 குட்டை. ஒரு தலைமுறை காணாமல் போன குட்டை எங்கேயும் போய்விடவில்லை, உள்ளேயே இருந்திருக்கிறது.

இப்போது சொந்தத்துக்கு வருவோம். உங்கள் தாத்தா பாட்டியில் ஒருவரிடம் அந்தக் கெட்ட பிரதி ஒன்று இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது உங்கள் அப்பாவுக்கு வர பாதி வாய்ப்பு, அவரிடமிருந்து உங்களுக்கு வர மறுபடி பாதி, ஆக நான்கில் ஒன்று. அத்தை வழியாக உங்கள் மனைவிக்கும் அதே நான்கில் ஒன்று. இரண்டு பேரிடமும் இருக்க பதினாறில் ஒன்று, குழந்தையில் இரண்டும் சேர 64-இல் ஒன்று. நீங்கள் சொந்தமில்லாத பெண்ணைக் கட்டியிருந்தால், 50 பேரில் ஒருவரிடம் இந்தப் பிரதி இருக்கும் என்று தோராயமாக எடுத்துக்கொண்டால்கூட, அது 800-இல் ஒன்று. அத்தை மகள், மாமன் மகன் கட்டுவதை நான் குறை சொல்ல வரவில்லை, என் அப்பா அம்மாவும் அப்படித்தான். ஆனால் இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் தலசீமியா போன்ற உண்மையான நோய்களுக்கும் இதே கணக்குத்தான். அதற்குக் கல்யாணத்துக்கு முன்பே ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துகொள்ளலாம்.

அப்புறம் ஒன்று. நீங்கள் சாதாரண ஏபி என்றால் உங்கள் மகளுக்கு ஏ அல்லது பி ஒன்று கட்டாயம் போயிருக்கிறது. வாளியில் துணி இருக்கிறது, கொடிதான் இல்லை. நாளை அவள் வளர்ந்து ஒரு ஓ ஆளைக் கட்டிக்கொண்டாலும் அவள் குழந்தைக்கு ஏ குரூப் வரலாம். அன்றைக்கு யாராவது ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு வாய் திறப்பார்கள், அப்போது பதில் சொல்ல உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

தாராவி 90 அடி ரோடு:

நல்ல விளக்கம் டீச்சர். ஆனால் எப்படியும் ரிப்போர்ட்டில் ஓ என்றுதானே வருகிறது, ஓ ரத்தம் ஏற்றிவிட்டால் போகிறது, இதில் பயப்பட என்ன இருக்கிறது?

பரேல் லேப்காரர்:

பயப்பட வேண்டியதே அங்கேதான். பாம்பே ஆட்களின் சீரத்தில் எச்சைத் தாக்கும் ஆன்டிபாடி இயல்பாகவே இருக்கும், அதற்கும் ஆன்டி-எச் என்றுதான் பெயர், அது உடம்புச் சூட்டிலேயே வேலை செய்யும். ஓ செல்லில் எச் நிறைய இருப்பதால் ஏற்றிய ரத்தம் நாளங்களுக்குள்ளேயே உடையும், சிறுநீரகம் பழுதாகும், உயிரே போகலாம். பாம்பே ஆளுக்கு பாம்பே ரத்தம் மட்டும்தான். இவர்கள் மற்றவர்களுக்குக் கொடுக்கலாம், ஆர்எச் (பாசிட்டிவ், நெகட்டிவ்) பொருந்தினால் போதும், ஆனால் வாங்க முடியாது. அவசரம் என்றால், ஏற்றுவதற்கு முன் இரண்டு பேர் ரத்தத்தையும் கலந்து பார்க்கும் கிராஸ்மேட்சில் பொருந்தவில்லை என்று மாட்டிக்கொள்ளும், உண்மைதான், ஆனால் அந்த நேரத்தில் ரத்தத்துக்கு எங்கே போவது? சாதாரணமாகச் சேமித்த சிவப்பணு 35 முதல் 42 நாள்தான் தாங்கும். அதனால்தான் முன்கூட்டியே தெரிந்து அபூர்வ ரத்தப் பட்டியலில் பெயர் சேர்த்து, அட்டையைப் பையில் வைத்துக்கொள்ளச் சொல்கிறோம்.

சயான் வாசி:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். ரிசல்ட் வந்துவிட்டது. ஓ செல் டியூபிலும் திரண்டிருக்கிறது, ஆன்டி-எச்சில் ஒன்றும் இல்லை. பாம்பே குரூப்தான். அங்கிருந்த டாக்டரம்மா அம்மாவையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து மராத்தியும் இந்தியுமாகக் கலந்து விளக்கினார், டீச்சர் சொன்ன கொடிக் கதையை நான் தமிழில் சொன்னேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் மனைவியின் தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டார், அவளும் உட்கார்ந்திருந்தாள். பெரியவனுக்கு பி இருப்பதால் தங்கைக்கு அவன் ரத்தம் உதவாது என்றும் சொல்லிவிட்டார்கள், அது மட்டும் மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

இப்போது வேறொரு விஷயம், லேப்காரர் அண்ணா பார்த்தால் உடனே சொல்லுங்கள். குடும்பத்தில் எல்லோருடைய குரூப்பையும் எழுதிக்கொண்டு வரச் சொன்னார்கள். தாத்தா பட்டாளத்தில் இருந்தவர், பழைய காகிதத்தில் அவருக்கு ஏபி என்று இருக்கிறது. அவருடைய மகன், தூத்துக்குடியில் இருக்கும் சித்தப்பா, ஓ பாசிட்டிவ், டிரைவிங் லைசென்சிலேயே அப்படித்தான் போட்டிருக்கிறது. அவருக்கு அடுத்த புதன்கிழமை குடலிறக்க ஆபரேஷன்.

பரேல் லேப்காரர்:

ஆபரேஷன் செய்யப்போகிற டாக்டரிடம் இன்றைக்கே சொல்லச் சொல்லுங்கள். ஆன்டி-எச் பார்த்துவிட்டுத்தான் தியேட்டருக்குள் போக வேண்டும். அங்கே அந்த ரீஏஜென்ட் இல்லை என்றால் திருநெல்வேலியிலோ மதுரையிலோ பெரிய ரத்த வங்கிக்கு சாம்பிள் அனுப்பச் சொல்லுங்கள். ஓ செல்லோடு கலந்து பார்ப்பதை அவர்கள் ஊரிலேயே பத்து நிமிஷத்தில் செய்துவிடலாம்.

சயான் வாசி:

போன் போட்டுவிட்டேன். சித்தப்பா தூங்கிவிட்டாராம், சித்தி எழுப்பப் போயிருக்கிறார்.