பழைய பைன் சாப்பாட்டு மேசை: நிறம் போகாமல் பாலிஷ் போடுவது எப்படி?

கேள்வி:
கானாடுகாத்தானில் எங்கள் பூர்வீக வீடு. வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் எட்டுப் பேர் உட்காரும் சாப்பாட்டு மேசை ஒன்று இருக்கிறது, ஐயா (தாத்தா) காலத்தது. பர்மாத் தேக்கு என்றே சொல்லி வந்தோம். போன வாரம் புரட்டிப் பார்த்தால் அடிப்பக்கம் வெளிர் மஞ்சள், நிறைய முடிச்சு. நகத்தால் அழுத்தினால் தடம் விழுகிறது. மேற்பரப்பு நல்ல தேன் நிறம்தான். ஆனால் ஊறுகாய் ஜாடி வைத்த இடமெல்லாம் வெள்ளை வட்டம், ஒரு மூலையில் கறுப்புக் கறை, கை வைத்தால் பிசுக்கு. அப்பா சின்ன வயதில் காம்பஸ் முனையால் குத்திய குழிகள் நடுவில் இருக்கின்றன. அவை போகக் கூடாது. தையில் வீட்டில் விசேஷம். என்ன செய்யலாம்?

பதில் 1:
மெஷினில் இழைத்து பி.யு. (பாலியூரித்தேன் பூச்சு) அடித்துவிடுங்கள். புதுசு போல ஆகிவிடும்.

பதில் 2 (தேவகோட்டை, பாலிஷ் வேலை):
அண்ணே, மெஷின் வேண்டவே வேண்டாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பைன்தான். அந்தத் தேன் நிறம் வெளிச்சத்திலும் காற்றிலும் வருஷக்கணக்கில் ஏறியது, மேலாக மட்டும்தான் இருக்கும். இழைத்தால் அடிப்பக்க மஞ்சள் வந்துவிடும். அதன்மேல் ஸ்டெயின் பூசினால் பைன் ஒரே சீராக உறிஞ்சாது, திட்டுத்திட்டாக நிற்கும். அப்பா குத்திய குழியும் போய்விடும்.

முதலில் மேலே இருப்பது என்ன பாலிஷ் என்று பாருங்கள். காலின் உட்பக்கம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், ஸ்பிரிட் நனைத்த பஞ்சை ஒரு நிமிஷம் வைத்து எடுங்கள். பிசுபிசுத்துப் பஞ்சில் பழுப்பு ஏறினால் அரக்கு பாலிஷ்.

கேட்டவர்:
வைத்துப் பார்த்தேன் தம்பி. பஞ்சு ஒட்டிக்கொண்டது, டீத்தண்ணீர் நிறம்.

பதில் 2:
அப்படியானால் பாதிக் கவலை தீர்ந்தது. அரக்கின் மேலேயே அரக்கு பிடிக்கும், பழையதைச் சுரண்ட வேண்டியதில்லை. டர்பன்டைன் தொட்ட துணியால் பிசுக்கை எடுத்துக் காயவிடுங்கள். வெள்ளை வட்டம் பாலிஷுக்குள் சிக்கிய ஈரம். ஸ்பிரிட்டில் லேசாக நனைத்த துணியால் நிற்காமல் ஒற்றித் தடவினால் மறையும். ஒரே இடத்தில் அழுத்தினால் பாலிஷே கரைந்து வந்துவிடும். கறுப்புக் கறை மரத்துக்குள் இறங்கியது, அதை விட்டுவிடலாம் என்பேன்.

அப்புறம் ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 120 கிராம் அவலரக்கு (அவல் போல் தட்டையான அரக்குச் சில்லு). இரவு ஊறவைத்து வடிகட்டி, பஞ்சுப் பொட்டணத்தால் மெல்லிசாக மூன்று நாலு கை கொடுங்கள். பக்கத்தில் அடுப்பு, பீடி கூடாது. இந்த ஐப்பசி மழையில் ஆரம்பிக்காதீர்கள். ஈரக் காற்றில் அரக்கு பால் பூத்ததுபோல வெளுக்கும்.

கேட்டவர் (மார்கழியில்):
முடித்துவிட்டோம். வட்டங்கள் போய்விட்டன. முடிச்சுகள் ஒவ்வொன்றும் பனங்கற்கண்டு மாதிரி மின்னுகின்றன. கறுப்புக் கறை இருக்கிறது. காம்பஸ் குழி பதினொன்றும் அப்படியே இருக்கின்றன, அப்பா விரலால் தடவி எண்ணிப் பார்த்தார். சூட்டுப் பாத்திரம் வைக்கலாமா?

பதில் 2:
அரக்கு சூடு தாங்காது அண்ணே. கனத்த துணி விரித்து, அதன்மேல் பிரிமணை வைத்துப் பரிமாறுங்கள்.