தேரோட்டத்தன்று வரவில்லை என்று பல் மருத்துவமனை பிடித்துக்கொண்ட 750 ரூபாய்

கேள்வி: கல்லிடை அப்பளக்காரி

என் மாமியாருக்கு வயது 71. கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை நடந்துகொண்டிருக்கிறது. திருநெல்வேலி டவுனில் ரத வீதியை ஒட்டிய ஒரு தனியார் பல் மருத்துவமனை. சிகிச்சைக்கும் பல்லின் மேல் கேப் (உறை) போடுவதற்கும் சேர்த்து 4,000 ரூபாய் முன்பணம் கட்டியிருக்கிறோம். அடுத்து வரவேண்டிய தேதியைக் கணினியைப் பார்த்து அவர்களே குறித்துக் கொடுத்தார்கள், காலை 11 மணி. வீட்டுக்கு வந்து காலண்டரைப் பார்த்தால் அன்று நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டம். கணினிக்குத் தேர் தெரியாது, சரி. டவுனிலேயே கடை விரித்திருப்பவர்களுக்குமா தெரியாது?

முந்தைய நாள் மாலை ஆறு மணிக்கு நானே தொலைபேசியில் கூப்பிட்டு, ஐந்து தேரும் ஓடுகிற நாளில் மூட்டுவலிக்காரரைக் கூட்டத்துக்குள் நடத்திக் கூட்டிவர முடியாது, வேறு நாள் கொடுங்கள் என்று சொன்னேன். வரவேற்பில் இருக்கும் பெண், "சரிங்கம்மா, டாக்டரிடம் சொல்லிவிடுகிறேன்" என்றார். அந்த அழைப்பு என் கைப்பேசியில் இன்னும் பதிவாகியிருக்கிறது.

அடுத்த வாரம் போனபோது ரசீதில் "வராத நாள் கட்டணம் 750" என்று எழுதி முன்பணத்தில் கழித்துவிட்டார்கள். கேட்டால், முதல் நாள் கையெழுத்து வாங்கிய தாளை நீட்டுகிறார்கள். 24 மணி நேரத்துக்கு முன்பே சொல்லாவிட்டால் கட்டணம் உண்டு என்று அதில் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில், இருக்கிறதாம். அத்தைக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. யாரும் படித்துக் காட்டவும் இல்லை.

இதே இடத்தில் பத்து மணிக்கு வரச்சொல்லிவிட்டு மருத்துவர் பன்னிரண்டரைக்கு வந்து சேர்ந்த நாளும் உண்டு. அந்தக் காத்திருப்புக்கு எங்களுக்கு யார் கழித்துக் கொடுத்தார்கள்? உளுந்து மாவை இடித்து, அப்பளம் இட்டு, காயவைத்து விற்கிற வீட்டில் 750 ரூபாய் சும்மா வருவதில்லை.

பல் பாதியில் நிற்கிறது, தற்காலிகமாக அடைத்து வைத்திருக்கிறார்கள். சண்டை போட்டால் கேப் போடுவதில் ஏதாவது செய்துவிடுவார்களோ என்று அத்தை பயப்படுகிறார். என் கணவர், விட்டுத்தள்ளு என்கிறார். எனக்கு விட மனமில்லை. முறையாக எப்படிக் கேட்பது?

பதில்: பேட்டைக்காரன்

அக்கா, நான் வேறொரு பல் மருத்துவமனையில் உதவியாளர். இப்படி ஒரு கட்டணம் இருப்பதே அநியாயம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். வேர் சிகிச்சை என்றால் ஒரு மணி நேரத்துக்கு நாற்காலியை ஒருவருக்கென்றே ஒதுக்கி, கருவிகளைக் கிருமி நீக்கி எடுத்து வைத்துக் காத்திருக்கிறோம். ஒரு வார்த்தை சொல்லாமல் வராமலிருப்பவர்கள் அவ்வளவு பேர். கூப்பிட்டால் எடுக்கவும் மாட்டார்கள். அவர்களுக்காக வைத்த விதி, முன்கூட்டியே சொன்ன உங்கள் மேல் விழுந்திருக்கிறது.

அவர்கள் தரப்பில் ஒன்று கேட்பார்கள்: கல்லிடைக்குறிச்சியிலிருந்து செங்கோட்டை ரயில் இருக்கிறதே, டவுன் ஸ்டேஷனில் இறங்கி வந்திருக்கலாமே என்று. அதற்குப் பதிலை இப்போதே யோசித்து வையுங்கள்.

பதில்: ரத வீதி பாத்திரக்கடை

ரயிலில் வந்து இறங்கலாம். அங்கிருந்து எழுபது வயதுக்காரர் அன்றைய கூட்டத்தில் எப்படி வருவார்? தேரன்று எங்கள் வீதிக்குள் சைக்கிள்கூட நுழையாது. 2024-இல் வடம் அறுந்து சுவாமி தேர் நின்றுபோன அன்று என் கடைக்கு டீகூட வந்து சேரவில்லை.

நான் கேட்பது வேறு. அன்று பதினொரு மணிக்கு மருத்துவர் மட்டும் எந்த வழியாக வந்தார்? மருத்துவமனை திறந்திருந்ததா? அதை முதலில் கேளுங்கள் அம்மா.

பதில்: பாளை வக்கீல்

கடைக்காரர் அண்ணாச்சி சரியான இடத்தில் கைவைத்துவிட்டார். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 74: ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு என்று தாளில் தொகை எழுதியிருந்தாலும், அந்தத் தொகைக்கு மிகாமல் நியாயமான இழப்பீடுதான் கேட்கலாம். எழுதிய தொகை முழுவதும் தானாக வந்துவிடாது. அன்று காலை மருத்துவரே வரவில்லை என்றால், நீங்கள் வராததால் அவருக்கு என்ன நஷ்டம்? ஆங்கிலத் தாளை ரொம்ப நம்பாதீர்கள். படித்துக் காட்டவில்லை என்பதை எழுதுங்கள், ஆனால் கையெழுத்து கையெழுத்துதான்.

கடிதம் சிறியதாக இருக்கட்டும். தேதியைக் குறித்தது அவர்கள், முந்தைய மாலை ஆறு மணிக்கு அழைத்தது நீங்கள், அவர்கள் சரி என்றார்கள், அன்று 11 மணிக்கு மருத்துவமனை திறந்து மருத்துவர் இருந்தாரா, 750 எப்படிக் கணக்கிடப்பட்டது. இவ்வளவு போதும். கடிதம் அனுப்புவதற்கு முன் எக்ஸ்ரே நகல், எல்லா ரசீதுகள், கையெழுத்திட்ட தாளின் நகல் ஆகியவற்றை வாங்கிவிடுங்கள். புகார் செய்தீர்கள் என்பதற்காக மீதி சிகிச்சையைச் செய்ய மறுத்தால், அது 750 ரூபாயைவிடப் பெரிய குற்றச்சாட்டு. அத்தையிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அவர்கள் தீர்ப்புச் சொல்வதில்லை, எதிர்த்தரப்புக்குப் புகாரை அனுப்பிப் பேசிப்பார்ப்பார்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கட்டணம் வாங்கிச் செய்யும் மருத்துவமும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்யவேண்டும். 5 லட்சம் ரூபாய் வரை மனுக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை. "நியாயமற்ற ஒப்பந்தம்" என்று மட்டும் தலைப்புப் போடாதீர்கள், அந்த வகைப் புகார் மாநில ஆணையத்துக்குப் போகவேண்டியது. சேவைக் குறைபாடு என்று எழுதினால் மாவட்டத்திலேயே முடியும்.

என்னைக் கேட்டால் ஆணையம் வரை போகவேண்டியிருக்காது.

பதில்: ஓய்வுபெற்ற தபால் ஊழியர்

கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பலாம் என்று போய் நிற்காதீர்கள். 2025-இல் அது விரைவுத் தபாலோடு இணைந்துவிட்டது. ஸ்பீட் போஸ்ட் என்று கேட்டு, பெற்றுக்கொண்டதற்கான சான்றும் வேண்டும் என்று கவுன்டரில் தனியாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் தரமாட்டார்கள்.

பதில்: கல்லிடை அப்பளக்காரி

எல்லோருக்கும் நன்றி. எக்ஸ்ரே நகல் கேட்டேன், முகத்தைச் சுளித்துக்கொண்டே கொடுத்தார்கள். கடிதமும் எழுதிவிட்டேன். மருத்துவர் அன்று வடம் பிடிக்கப் போயிருந்தால் அதையும் ஒளிக்காமல் சொல்லட்டும், புண்ணியக் கணக்கில் பாதியைக் கழித்துக்கொள்ளலாம் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்கிறார் அத்தை. சேர்க்கவில்லை. வக்கீல் சார், கடிதத்தை மருத்துவர் பெயருக்கு எழுதுவதா, மருத்துவமனை பெயருக்கா?

பதில்: பாளை வக்கீல்

ரசீதில் எந்தப் பெயர் அச்சாகியிருக்கிறதோ அந்தப் பெயருக்கு. மருத்துவருக்கு ஒரு நகல்.