1:32 ஸ்ப்ளிட்டரும் 77 எம்பிபிஎஸ்-உம்: இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்கு ஃபைபர் போதுமா, லீஸ்டு லைன் வேணுமா?

அம்பத்தூர்_லேத்
"எஸ்டேட் தெருவுக்கு ஃபைபர் வந்தாச்சு, இனிமே லீஸ்டு லைனுக்குக் காசு கட்டுறவன் ஏமாளி"ன்னு நேத்து ஒருத்தர் எழுதியிருந்தார். கீழ கைதட்டல் வேற. லீஸ்டு லைன்னா உங்களுக்கு மட்டும்னு தனி இணைப்பு, இந்த ஃபைபர் பிராட்பேண்டு பல பேர் பங்கு போடுறது. கணக்குப் போட்டுப் பாருங்கய்யா. ஜிபான்னு சொல்ற இந்தப் பங்கு ஃபைபர்ல ஒரு போர்ட்டுக்கு டவுன்லோடு மொத்தமே 2.488 ஜிபிபிஎஸ். ஒரு ஃபைபரை 32 பேருக்குப் பிரிக்கிற 1:32 ஸ்ப்ளிட்டர்ல ஆளுக்கு 77 எம்பிபிஎஸ். அப்லோடு 1.244, அதை 32-ஆல வகுத்தா 38. இதையா 300 எம்பிபிஎஸ் பிசினஸ் பிளான்னு விக்கிறீங்க?

கிண்டி_ஸ்ப்ளைசர்
ஏமாளின்னு எழுதினது நான்தான், பேரைச் சொல்லியே கேட்டிருக்கலாம். ஸ்ப்ளிட்டர் பிரிக்கிறது வெளிச்சத்தை, வேகத்தை இல்ல. 1:32-ல வெளிச்சம் சுமார் 17 டிபி (டெசிபல்) குறையும், அவ்வளவுதான். டவுன்லோடு எல்லா ஓஎன்டிக்கும் (வாங்குறவர் பக்கத்துப் பெட்டி) போகுது, தனக்கு வந்ததை மட்டும் அது எடுத்துக்குது. அப்லோடுல யாருக்கு எவ்வளவு நேரம்னு 125 மைக்ரோசெகண்ட் ஃப்ரேமுக்குள்ள ஓஎல்டி (கம்பெனி பக்கத்துப் பெட்டி) ஒதுக்குது. சும்மா இருக்கிறவன் பங்கு கேக்கிறவனுக்குப் போயிடும். நெரிசலைத் தேடணும்னா ஓஎல்டிக்கு மேல தேடுங்க. 16 போர்ட் கார்டுக்கு ஒரே ஒரு 10ஜி அப்லிங்க் (மேல இன்டர்நெட் பக்கம் போற லைன்) போட்டிருந்தா 16 போர்ட்டோட 40 ஜிபிபிஎஸ் பத்துக்குள்ள திணறும். அதைக் கேக்க ஆள் இல்ல, 77-ஐப் பிடிச்சுத் தொங்குறாங்க.

அம்பத்தூர்_லேத்
எல்லாரும் ஒரே நேரத்துல இழுத்தா எவ்வளவு? அதுக்குப் பதில் சொல்லுங்க. குடியிருப்புன்னா ஒருத்தன் படம் பார்ப்பான், இன்னொருத்தன் தூங்குவான். எஸ்டேட்ல எல்லா ஷெட்டுக்கும் ஒரே ஷிஃப்ட். காலை 11 மணிக்கு கேட் (CAD) டிசைன் ஃபைல் ஏத்துறவன், டாலியை கிளவுட்ல ஓட்டுறவன், கேமரா பேக்கப் போடுறவன் எல்லாரும் வரிசையில நிப்பான். 77-தான்.

பெருங்குடி_ரூட்டர்
ரெண்டு பேரும் கொஞ்சம் இருங்க. ஃபைபர்னு நீங்க சொல்றது ஓஎன்டி வரைக்கும் கண்ணாடி வர்றதையா? நிறைய இடத்துல லோக்கல் ஆபரேட்டர் பக்கத்துக் கட்டட மொட்டைமாடியில மீடியா கன்வர்ட்டரும் (ஃபைபரை செம்பு வயருக்கு மாத்துற பெட்டி) சுவிட்சும் வெச்சு, அங்கிருந்து கேட்6 செம்பு வயரை இழுத்துட்டு அதையும் ஃபைபர்னுதான் விக்கிறார். அந்தப் பெட்டிக்குக் கரன்ட் போனா உங்க யுபிஎஸ் ஓடியும் பிரயோஜனம் இல்ல. முதல்ல எதைப் பத்திப் பேசறோம்னு முடிவு பண்ணுங்க.

கிண்டி_ஸ்ப்ளைசர்
அதுக்குத் தனித் திரி போடுங்க பாஸ். இங்க கேள்வி 77. எல்லாரும் சேர்ந்து இழுத்தாக்கூட அப்லோடுல டி-கான்ட் வகைன்னு ஒண்ணு இருக்கு, யாருக்கு எந்த உறுதியில வேகம்னு சொல்றது. மலிவு பிளான் எல்லாம் டைப் 4, மிச்சம் இருந்தாத்தான் கிடைக்கும். டைப் 2 போட்டுத் தரச் சொன்னா உறுதி வேகம் கிடைக்கும், பக்கத்து ஷெட் என்ன இழுத்தாலும் அது உங்களோடது. வாங்குறப்போ எழுத்துல கேளுங்க. கேக்காம வாங்கிட்டு டெக்னாலஜியைத் திட்டக் கூடாது. 77 பத்தலையா, ஜிபானுக்கு அடுத்த தலைமுறையான எக்ஸ்ஜிஎஸ்-பான் வாங்குங்க. 1577, 1270 நானோமீட்டர் அலைநீளத்துல ஓடுறதால பழைய ஜிபானோட 1490, 1310-ஐத் தொடாது. அதே ஃபைபர், அதே ஸ்ப்ளிட்டர், ரெண்டு பக்கமும் 10 ஜிபிபிஎஸ்.

அம்பத்தூர்_லேத்
அப்பவும் 32-ஆல வகுத்தா 311. வகுத்தல் மாறாது சார்! இன்னொண்ணையும் மறைக்கிறீங்க. ஒருத்தன் ஓஎன்டியில லேசர் அணையாம எரிஞ்சா மத்தவன் டைம் ஸ்லாட் எல்லாம் நாசம், அந்த போர்ட்டுல மிச்சம் 31 பேரும் அவுட். எந்த ஓஎன்டின்னு கண்டுபிடிக்க ஒவ்வொண்ணா கழட்டணும். லீஸ்டு லைன்ல இந்தத் தொல்லை உண்டா? /29 ஐபி பிளாக் (8 ஐபி முகவரி) கிடைக்கும், நெட்வொர்க், பிராட்காஸ்ட், கேட்வே போக 5 ஐபி கையில நிக்கும். உங்க பிராட்பேண்டுல சிஜிநாட், அதாவது பல பேர் ஒரே பொது ஐபியைப் பங்கு போடுறது, 100.64-ல ஆரம்பிக்கிற ஐபி. வெளியூர்லேருந்து ஃபேக்டரி கேமராவுக்குள்ள எப்படி வருவீங்க?

கிண்டி_ஸ்ப்ளைசர்
ஸ்டேட்டிக் ஐபி (மாறாத தனி ஐபி) கேட்டா பிராட்பேண்டுலயும் தருவான். லேசர் கோளாறுக்கு ஒவ்வொண்ணா கழட்டுறது அந்தக் காலம், இப்ப பல ஓஎல்டி தானே கண்டுபிடிச்சு அந்த ஓஎன்டியை முடக்குது. லீஸ்டு லைன் எஸ்எல்ஏ (லைன் எவ்வளவு நேரம் ஓடும்ங்கிற ஒப்பந்த உறுதி) 99.5 சதவீதம்னா 30 நாள்ல 3.6 மணி நேரம் படுத்தாலும் அது ஒப்பந்தப்படி சரிதான். அதைத் தாண்டினா பில்லுல கழிவு, உற்பத்தி நஷ்டத்தை எவனும் தர மாட்டான். பேச்சு 77-ல ஆரம்பிச்சு இப்ப கேமராவுல நிக்குது. 77-ஐ விட்டுட்டீங்கன்னு எடுத்துக்கலாமா?

அம்பத்தூர்_லேத்
விடலை. 77.

நாவலூர்_கேபிள்
ரெண்டு பேரும் எத்தனைன்னு அடிச்சுக்கிறீங்க, அறுந்தா ரெண்டும் பூஜ்யம். சென்னை ஓஎம்ஆர்ல இரண்டாம் கட்ட மெட்ரோ வேலை, அது போக குடிநீர்க் குழாய்க்குப் பள்ளம். தோண்டுறதுக்கு முன்னாடி சொல்லணும்னு 2023-ல சிபியுடி (கால் பிஃபோர் யூ டிக்) ஆப் வந்தாச்சு, ஜேசிபி ஓட்டுற தம்பிக்கு அது போய்ச் சேரணுமே. பேக்கப்னு ரெண்டு கம்பெனி கனெக்‌ஷன் வாங்குறாங்க, ரெண்டு டிராப் கேபிளும் ஒரே ஈபி கம்பத்துல ஒரே டேக்ல கட்டிக் கிடக்கும். ரூட் மேப்பை கேஎம்எல் ஃபைலா (மேப்ல திறந்து பார்க்கிற ஃபைல்) கேளுங்க. ஒண்ணு முன்வாசல் வழியா வந்தா இன்னொண்ணு பின்சுவர் வழியா, வேற தெருவுலேருந்து வரணும்.

கிண்டி_ஸ்ப்ளைசர்
நாவலூர் அண்ணன் சொல்றது சரி, ஆனா இங்க கேட்ட கேள்வி அது இல்ல. வேகம் குறையுதுன்னா முதல்ல ஓஎன்டி பக்கத்துல ஆர்எக்ஸ் பவரை, அதாவது வந்து சேர்ற வெளிச்சத்தோட அளவை டிபிஎம்-ல பாருங்க. -15-க்கும் -24-க்கும் நடுவுல இருந்தா நிம்மதி. -27-ஐத் தொட்டா எந்த நிமிஷமும் சிக்னல் போச்சுன்னு காட்டுற எல்ஓஎஸ் சிவப்பு லைட் எரியும். நிறைய ஆபரேட்டர் 1:32-க்கு அப்புறம் கம்பத்துலயே ஒரு 1:2 செருகி வெச்சிருப்பான், அதுல இன்னொரு மூணரை டிபி போகும். இதெல்லாம் பார்க்காம 77, 77-ன்னு ஜபிச்சா எப்படி?

அம்பத்தூர்_லேத்
அப்போ 1:64. ஆளுக்கு 38. நீங்களே என் கணக்கைப் பாதியாக்கிட்டீங்க, நன்றி.

கிண்டி_ஸ்ப்ளைசர்
நீல கனெக்டரைப் பச்சை அடாப்டர்ல செருகினா ஒண்ணும் ஆகாதுன்னு போன திரியில பாடம் எடுத்தவர் எனக்கு நன்றி சொல்றார். பச்சை முனை 8 டிகிரி சாய்வா தீட்டினது. நேரா இருக்கிற நீலத்தோட மோதினா நடுவுல இடைவெளி விழும், டிபி கணக்கா போகும், முனையும் கீறும்.

அம்பத்தூர்_லேத்
அவசரத்துக்குச் செருகலாம்னுதான் எழுதினேன். முழுசாப் படிக்கிற பழக்கம் உங்களுக்கு என்னிக்கு இருந்துச்சு? லைன் ஓடுதா இல்லையா, அதுதான் பேச்சு.

பெருங்குடி_ரூட்டர்
நான் கேட்டதுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லலை.

கிண்டி_ஸ்ப்ளைசர்
அவசரத்துக்குச் செருகினதைக் கழட்டி வைங்க, முனையை மைக்ரோஸ்கோப்ல பார்த்துட்டு வந்து பேசுங்க. 77-ஐ அப்புறம் வெச்சுக்கலாம்.

அம்பத்தூர்_லேத்
இப்பவே வெச்சுக்கலாம். 2488-ஐ 32-ஆல வகுத்தா எவ்வளவு?