பிள்ளைக்கு திரும்ப திரும்ப இழுப்பு வந்து அட்மிட் ஆகுது, கிளினிக்ல சரியா பார்க்காததுதான் காரணமா?

செந்தூல்அம்மா:
வணக்கம் எல்லாருக்கும். மகளுக்கு மூணு வயசு ஆகப்போகுது, சளி பிடிச்சா போதும் மறுநாளே நெஞ்சு இழுக்க ஆரம்பிச்சிடுது. எந்த கிளினிக் திறந்திருக்கோ அங்க தூக்கிட்டு ஓடுவோம், நெபுலைசர் வைப்பாங்க, சிரப் குடுப்பாங்க, வந்துடுவோம், ஆனா போன மாசமும் நடுராத்திரி மூச்சு வாங்கி வார்டுல சேர்த்துட்டாங்க. டிஸ்சார்ஜ் பண்ண டாக்டர் "வெளியில ஒழுங்கா ஃபாலோ-அப் இருந்திருந்தா இங்க வரைக்கும் வந்திருக்காது"ன்னு சொன்னாரு, மனசே சரியில்ல. உண்மையிலயே அவ்வளவு சம்பந்தம் இருக்கா? பேசாம பிரைவேட் ஸ்பெஷலிஸ்ட்கிட்ட போயிடலாமா?

பட்டர்வொர்த்மிஸி:
சம்பந்தம் இருக்கும்மா, ஆனா எல்லா நோய்க்கும் ஒரே அளவுல இல்ல. நான் இங்க மலேசியாவுல கிளினிக் கெசிஹாத்தான்ல, அதாவது அரசாங்க சுகாதார கிளினிக்ல வேலை பார்க்கிறேன். ஆஸ்துமா, வயித்துப்போக்குல நீர் வத்திப்போறது, தடுப்பூசி போட்டா தடுக்கக்கூடிய நோய், இதெல்லாம் கிளினிக்லயே நல்லா பார்த்தா பெரும்பாலும் வார்டு வரைக்கும் போகாது. அதனாலதான் பல நாட்டுல இந்த மாதிரி அட்மிஷன் எத்தனைன்னு எண்ணி கிளினிக் சேவை எப்படி இருக்குன்னு பார்க்கிறாங்க. நம்ம நாட்டுலயே நிமோனியா மாதிரி நோயைத் தடுக்கிற நியூமோகாக்கல் ஊசி 2020 டிசம்பர்லதான் இலவச அட்டவணையில வந்துச்சு. ஆனா கைக்குழந்தைக்கு வைரஸால நெஞ்சு அடைக்கிறது எவ்வளவு நல்ல டாக்டர் பார்த்தாலும் சில நேரம் ஆஸ்பத்திரிக்கு போய்த்தான் ஆகணும், மூணு மாசத்துக்குள்ள இருக்கிற பிள்ளைக்கு 38 டிகிரி காய்ச்சல் வந்தா யோசிக்காம நேரா அங்கதான்.

உங்க கதையில எனக்கு உறுத்துறது என்னன்னா ஒவ்வொரு தடவையும் வேற கிளினிக், வேற டாக்டர், அவங்க கண்ணுக்கு உங்க மக எப்பவும் புது கேஸ். நெபுலைசர் அந்த ராத்திரி மூச்சுக்குழாயை திறந்து விடும், உள்ள இருக்கிற வீக்கம் அப்படியேதான் இருக்கும். சளி இல்லாதப்பவும் இழுக்குதா, ஓடி விளையாடினா இருமுதா, வீட்ல யாருக்காவது ஆஸ்துமா இருக்கா, இதையெல்லாம் ஒரே ஆள் தொடர்ந்து கேட்டாத்தான் தினமும் போடுற பிரிவென்டர் பம்ப் (அட்டாக் வராம தடுக்கிற இன்ஹேலர்) வேணுமா வேணாமான்னு முடிவு பண்ண முடியும். இன்னொன்னு, பம்பும் ஸ்பேசரும் (பம்போட மாட்டுற மாஸ்க் வச்ச குழாய்) குடுத்திருந்தா அதை கிளினிக்குக்கு எடுத்துட்டு போய் மிஸி, அதான் நர்ஸ், முன்னாடி போட்டு காட்டுங்க. மாஸ்க் கன்னத்துல இடைவெளி இல்லாம ஒட்டணும், ஒரு தடவை அழுத்தினதும் பிள்ளை அஞ்சாறு மூச்சு இழுக்கிற வரைக்கும் எடுக்கக்கூடாது. அழுதுகிட்டே போட்டா மருந்து சரியா உள்ள போகாது, நிறைய வீட்ல இங்கதான் கோட்டை விடுறாங்க.

ஜெலுத்தோங்வாசி:
மிஸி சொன்னது சரி, ஆனா கிளினிக்கை மட்டும் குத்தம் சொல்லிட முடியாது. இங்கிலாந்துல 2004ல ஜிபிங்களுக்கு (குடும்ப டாக்டருங்க) தரத்துக்கு மார்க் போட்டு அதுக்கு தகுந்த மாதிரி பணம்னு ஒரு ஒப்பந்தம் கொண்டு வந்தாங்க, அதுல முக்கால்வாசி பெரியவங்க நோய்க்குத்தான், சின்னப் பிள்ளைங்களுக்குன்னு இருந்தது ரொம்ப கொஞ்சம். அதே ஒப்பந்தத்துலதான் ராத்திரி, வாரக்கடைசி பொறுப்புல இருந்து ஜிபிங்க விலகிக்கலாம்னும் ஆச்சு. அங்க பிள்ளைங்க ஒரு நாள் ரெண்டு நாள் வார்டுல இருந்துட்டு வர்ற கேஸ் அதுக்கு முன்னாடியே ஏறிக்கிட்டுதான் இருந்துச்சு, அதனால பழியை அது மேல மட்டும் போடவும் முடியாது. ஆனா எனக்கு ஒன்னு தெளிவா தெரியுது, மார்க் எவ்வளவு நல்லா இருந்தாலும் பிள்ளைக்கு முடியாத நேரத்துல கதவு திறந்திருக்கணும். இங்கயும் அப்படித்தான், அரசாங்க கிளினிக்ல ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டினா போதும், ஆனா ரெண்டு பேரும் வேலைக்கு போற வீட்ல லீவு போட்டுட்டு காலையில போய் நம்பர் எடுக்கிறது யாரால முடியும்? பக்கத்து ஜிபி கடையை சாத்திட்டா எமர்ஜென்சிதானே வழி.

செந்தூல்அம்மா:
ரொம்ப நன்றி, ஸ்பேசர் வீட்ல இருக்கு, யாரும் போட்டுக் காட்டச் சொன்னதே இல்ல. பிரிவென்டர்ல ஸ்டீராய்டு இருக்காமே, மாமியார் வேணாம்னு சொல்றாங்க, வளர்ச்சி நின்னுடுமா?

பட்டர்வொர்த்மிஸி:
நிக்காதும்மா. குறைஞ்ச அளவுதான் குடுப்பாங்க, நேரா நுரையீரலுக்குத்தான் போகுது. உயரம் கொஞ்சமே கொஞ்சம் குறையலாம், அதனாலதான் வர்றப்பல்லாம் உயரம் எடை எடுக்கணும். அடிக்கடி அட்டாக் வந்து ஸ்டீராய்டு சிரப் குடிக்கிறதுக்கு இது எவ்வளவோ மேல். போட்டதும் வாய் கொப்பளிக்க வைங்க, மூஞ்சியையும் துடைச்சு விடுங்க. ஸ்பெஷலிஸ்ட் தேவைன்னா கிளினிக்லயே ரெஃபரல் எழுதிக் குடுப்பாங்க. டிஸ்சார்ஜ் பேப்பரையும் பிள்ளையோட கிளினிக் புக்கையும் மறக்காம எடுத்துட்டு போங்க, ராத்திரி இழுத்தா எத்தனை பஃப் போடணும், எப்போ கிளம்பணும்னு அவங்களையே எழுதிக் குடுக்கச் சொல்லுங்க. விலா எலும்புக்கு நடுவுல குழி விழுந்தாலோ பேச முடியாம திணறினாலோ பம்ப் போட்டுக்கிட்டே ஆஸ்பத்திரிக்கு கிளம்பிடணும், காலையில பார்த்துக்கலாம்னு இருக்காதீங்க.