பழைய டெம்போ டிராவலர் கேம்பர் வண்டி: எந்த டயர் போடுவது, ஸ்டெப்னியை எங்கே மாட்டுவது?

குமுளி மலைவாசி:
அனைவருக்கும் வணக்கம். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டிருந்த பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, இருக்கைகளைக் கழற்றிவிட்டுக் கட்டில், சமையல் மேடை, தண்ணீர்த் தொட்டி, இரண்டு பேட்டரிகள் ஆகியவற்றைப் பொருத்திக் குடும்பத்தோடு தங்கும் வண்டியாக மாற்றியிருக்கிறேன். பதிவுச் சான்றிதழிலும் வகை மாற்றம் முறைப்படி முடிந்துவிட்டது. டயர் அளவு 215/75 ஆர் 15. பின்னால் ஒற்றை டயர்தான். பட்டன் (சாலையைத் தொடும் ரப்பர்ப் பூ) இன்னும் நன்றாக இருந்தாலும் பக்கச் சுவர்களில் மெல்லிய வெடிப்புகள் தெரிகின்றன. தேனியில் விசாரித்தபோது கடைக்காரர் மூன்று வழிகள் சொன்னார்: பொலேரோவுக்குப் போடும் அதே அளவுக் கார் டயர், அதே அளவில் 8 பிளை வேன் டயர், அல்லது பார்வைக்குக் கம்பீரமாக இருக்கும் 235/75 ஆர் 15. முதலாவது விலை குறைவு என்பதால் மனம் அந்தப் பக்கமே சாய்கிறது.

இரண்டாவது சிக்கல் ஸ்டெப்னி. உள்வேலை செய்த பட்டறையினர் பின்புறம் சேசிஸுக்கு (வண்டியின் அடிச்சட்டத்துக்கு) அடியில் ஸ்டெப்னி தொங்கிய இடத்தில் கழிவுநீர்த் தொட்டியைக் கட்டிவிட்டார்கள். ஸ்டெப்னி இப்போது கட்டிலுக்கு அடியில் சும்மா கிடக்கிறது. அதைப் பின்கதவில் மாட்டுவதா, கூரைக்கு ஏற்றுவதா? குமுளியிலிருந்து லோயர் கேம்ப் வரை இறங்கும் மலைப்பாதை, வண்டிப்பெரியாறு, பீருமேடு வழியாக முண்டக்கயம், எப்போதாவது வாகமண் ஆகியவைதான் எங்கள் வழிகள்.

கம்பம் டயர்க்காரர்:
வணக்கம் ஐயா. டயரைத் தேர்ந்தெடுக்கும் முன் வண்டியை எடை போடுங்கள். விலையையும் தோற்றத்தையும் அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இருக்கைகளைக் கழற்றியதால் வண்டி இலேசாகிவிட்டது என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ, ஆகவே 100 லிட்டர்த் தொட்டி நிரம்பினாலே 100 கிலோ ஏறிவிடுகிறது, அதன்மேல் பிளைவுட், பேட்டரி, கேஸ் சிலிண்டர் எல்லாம் சேர்கின்றன. பிள்ளைகள் இறங்கினால் பாரமும் இறங்கிவிடும், அலமாரி இறங்காது.

கம்பம், தேனிப் பக்கம் சரக்கு லாரிகள் எடை போடும் மேடை எதற்கும் போகலாம். தண்ணீரும் டீசலும் நிரப்பி, வழக்கமாக வருகிறவர்கள் எல்லோரையும் உட்கார வைத்துக்கொண்டு, முதலில் முன்சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றுங்கள், பிறகு முழு வண்டியையும், கடைசியாகப் பின்சக்கரங்களை மட்டும். மேடைக்கு இரண்டு பக்கமும் தரை சமமாக இருந்தால் இடப்பக்கச் சக்கரத்தையும் வலப்பக்கச் சக்கரத்தையும் தனித்தனியே ஏற்றிப் பார்ப்பது மிகவும் பயன்படும். சமையல் மேடையும் தொட்டியும் ஒரே பக்கம் அமைந்த வண்டிகளில் வேறுபாடு கணிசமாகவே இருக்கும்.

டயரின் பக்கச் சுவரில் அளவுக்குப் பின்னால் ஓர் எண்ணும் ஓர் எழுத்தும் இருக்கும். அந்த எண் பாரக் குறியீடு. 100 என்றிருந்தால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும். 104 என்றால் 900, 106 என்றால் 950, 108 என்றால் 1,000 கிலோ. வேன் டயர்களில் 106/103 என்று இரண்டு எண்கள் இருந்தால் முதலாவது ஒற்றை டயருக்கு, இரண்டாவது இரட்டை டயருக்கு; உங்களுக்கு முதலாவதே பொருந்தும். பிளை எண்ணைப் பார்த்து உள்ளே எட்டு அடுக்கு நூல் இருக்கிறது என்று நினைக்க வேண்டாம், அது வலிமையைக் குறிக்கும் பழைய வழக்கு மட்டுமே.

வெடிப்பு விட்ட டயரின் வயதையும் பாருங்கள். டி.ஓ.டி. என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் காட்டும். 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஓடாமல் நின்றுகொண்டே இருக்கும் வண்டியில் பட்டன் தேய்வதற்கு முன்பே ரப்பர் முதிர்ந்துவிடும். சட்டப்படி பட்டன் ஆழம் 1.6 மி.மீ. இருந்தால் போதும் என்பது உண்மைதான். அந்தக் கணக்கு பக்கச் சுவர் வெடிப்பைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

கொழிஞ்சாம்பாறை பயணி:
நான் 235 அளவைத்தான் போட்டிருக்கிறேன் நண்பரே. பள்ளம் மேடு தெரிவதில்லை, வண்டியும் சற்று உயர்ந்து நிற்கிறது. தயங்காமல் போடுங்கள்.

புனலூர் ஓட்டுநர்:
கொழிஞ்சாம்பாறை நண்பர் பாலக்காட்டுச் சமவெளியில் ஓட்டுகிறார். கேள்வி கேட்டவர் மலையில் ஓட்டுகிறார். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 215/75 ஆர் 15 டயரின் மொத்த விட்டம் ஏறக்குறைய 703 மி.மீ., 235/75 ஆர் 15 என்றால் 733 மி.மீ.; அதாவது நூற்றுக்கு நான்குக்கும் சற்று மேல் கூடுதல். ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 62க்கு மேல் ஓடும் என்பது சிறிய விஷயம். பெரிய விஷயம் என்னவென்றால், கியர் விகிதம் அந்த அளவுக்கு உயர்ந்துவிடுவதால், முழுப் பாரத்தோடு கொண்டை ஊசி வளைவில் ஏறும்போது கிளட்ச்சுக்கு வேலை கூடும், இறங்கும்போது என்ஜின் பிடித்து நிறுத்தும் பலம் குறையும். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால் முன்டயர் உள்ளே உரசவும் கூடும். செங்கோட்டையிலிருந்து புளியரை ஏறி ஆரியங்காவு, தென்மலை வழியாகப் போய்வருகிற எனக்கு இது புத்தகக் கணக்கு அல்ல.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரள உயர் நீதிமன்றம் தளர்வாகப் பொருள் கொண்டிருந்த தீர்ப்பை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அசல் அளவிலேயே இருந்துவிட்டால் சோதனைச் சாவடியில் வாதம் செய்ய வேண்டியதில்லை.

குமுளி மலைவாசி:
இருவருக்கும் நன்றி. கம்பத்தில் எடை போட்டுப் பார்த்தேன். தண்ணீர், டீசல், ஆட்களோடு முன் அச்சில் 1,260 கிலோ, பின் அச்சில் 1,690 கிலோ. பின்சக்கரங்களில் இடப்பக்கம் 890, வலப்பக்கம் 800. கடைக்காரர் காட்டிய கார் டயரில் 100 என்றும், 8 பிளை டயரில் 106/103 என்றும் இருக்கின்றன. இன்னொரு சந்தேகம்: ஸ்டெப்னியே வேண்டாம் என்று அரசு விதி வந்திருப்பதாக ஒருவர் சொன்னார். அப்படியானால் அதைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடலாமா?

கம்பம் டயர்க்காரர்:
உங்கள் எண்களே விடை சொல்லிவிட்டன ஐயா. 800 கிலோ தாங்கும் டயரில் இடப்பக்கம் 890 கிலோவை வைத்துக்கொண்டு மலை இறங்குவது கூடவே கூடாது. வலப்பக்கமும் எல்லைக் கோட்டில்தான் நிற்கிறது. 106 என்றால் 60 கிலோ மீதம் இருக்கிறது. பேட்டரிகளை வலப்பக்கத்துக்கு மாற்றினால் அது இன்னும் கூடும், வேறுபாடும் பெரும்பகுதி சரியாகிவிடும். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கையிருப்பில் நெடுநாள் கிடந்த டயராக இல்லாமல் இருக்க, தேதியைக் கடையிலேயே படித்துவிட்டுப் பணம் கொடுங்கள். முன்டயருக்கு ரீட்ரெடிங் செய்ததை, அதாவது தேய்ந்த டயரில் புதுப் பட்டன் ஒட்டியதை, யார் சொன்னாலும் வாங்க வேண்டாம்.

வேன் டயருக்குக் கார் டயரைவிட அதிகக் காற்று தேவைப்படும். சாதாரண ரப்பர் வால்வு 65 பி.எஸ்.ஐ. வரைக்கும்தான் தாங்கும், ஆகவே டயர் மாற்றும்போதே உயர் அழுத்த வால்வு போட்டுத் தரச் சொல்லுங்கள், சிறு செலவுதான். காற்றைக் காலையில் வண்டி ஓடுவதற்கு முன் பாருங்கள். வெப்பநிலை ஏறக்குறைய 5.5 டிகிரி செல்சியஸ் கூடினால் அழுத்தம் 1 பி.எஸ்.ஐ. கூடும்; மலை இறங்கும்போது பிரேக் டிரம்மின் சூடும் ரிம்முக்கு வரும். லோயர் கேம்ப்பில் இறங்கியவுடன் அழுத்தம் அதிகம் என்று காற்றை வெளியேற்றுவோர் உண்டு. அதைச் செய்யாதீர்கள், டயர் ஆறியதும் காற்றுக் குறைந்து நிற்கும்.

ஸ்டெப்னி பற்றிய விதி 2020 ஜூலையில் வந்தது. ட்யூப்லெஸ் டயர்களும், காற்று அழுத்தத்தைத் தானாகக் காட்டும் கருவியும், பஞ்சர் ஒட்டும் கிட்டும் உள்ள 3.5 டன் வரையிலான பயணியர் வாகனங்களுக்கே அந்தச் சலுகை. உங்கள் பழைய வண்டியில் அந்தக் கருவி இருக்க வாய்ப்பில்லை. தவிரவும், பாறை முனை பக்கச் சுவரைக் கிழித்தால் எந்தக் கிட்டும் உதவாது. ஐந்து டயர்களாகவே வாங்குங்கள்.

புனலூர் ஓட்டுநர்:
ஸ்டெப்னி இருக்குமிடம் பற்றி என் கருத்து: கூரை வேண்டாம். ஏறக்குறைய 30 கிலோ எடையுள்ள சக்கரத்தை மழையில் தலைக்கு மேலிருந்து ஒற்றை ஆளாக இறக்க வேண்டியிருக்கும். எடை உச்சியில் இருந்தால் வளைவில் வண்டி அசைவதும் கூடும். பின்கதவும் வேண்டாம், ஏனெனில் அந்தக் கீல்கள் கதவைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை. மாட்டித்தான் ஆக வேண்டும் என்றால் சேசிஸிலிருந்து புறப்பட்டுப் பக்கவாட்டில் திறக்கும் இரும்புக் கையில் மாட்டலாம். அப்போதும் எண் பலகையும் பின்விளக்குகளும் மறையக் கூடாது. பின் அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால் 30 கிலோவைத் தொங்கவிட்டால், வீல்பேஸ் (முன், பின் அச்சுகளுக்கு இடையிலான தூரம்) 3.35 மீட்டர் என்று வைத்துக்கொண்டு, பின் அச்சில் ஏறுவது 30 கிலோ அல்ல, ஏறக்குறைய 41 கிலோ. முன் அச்சு 11 கிலோ இலேசாகிறது. கட்டிலுக்கு அடியில் கட்டாமல் கிடப்பதோ எல்லாவற்றிலும் மோசம், சடன் பிரேக் போட்டால் அது உங்களை நோக்கி வரும்.

எனவே பழைய இடத்துக்கே ஸ்டெப்னியைத் திருப்பிவிடுங்கள். கழிவுநீர்த் தொட்டியைத் தட்டையாகச் செய்து இரண்டு அச்சுகளுக்கும் நடுவே, சைலன்சர் குழாயிலிருந்து விலக்கி மாட்டலாம். அதற்கும் இடமில்லை என்றால் சமையல் மேடைக்குக் கீழே கழற்றி ஊற்றும் கேன் போதும், வண்டியில் இரண்டு மூன்று பேர்தானே. ஸ்டெப்னி தொங்கும் செயினுக்கு மழைக்காலம் தொடங்கும் முன் கிரீஸ் வைத்து, ஒரு முறை இறக்கி ஏற்றிப் பாருங்கள். சேறும் துருவும் சேர்ந்தால் தேவைப்படும் நாளில் அது அசையாது. வால்வு வெளியே பார்க்கும்படி மாட்டினால் காற்றுப் பார்க்க ஒவ்வொரு முறையும் இறக்க வேண்டியிருக்காது.

கொழிஞ்சாம்பாறை பயணி:
மலைக்கு 235 பொருந்தாது என்பதை ஏற்கிறேன். ஆனால் சேசிஸுக்கு அடியில் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. கே.கே. சாலையில் (கோட்டயம்–குமுளி சாலையில்) மழை கொட்டும்போது சேற்றில் படுத்துக்கொண்டு யார் செயினை இறக்குவது? செலவானாலும் இரும்புக் கைதான் நல்லது.

புனலூர் ஓட்டுநர்:
பின் அச்சில் இன்னும் 200 கிலோ இடமிருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன். இவருக்கு இல்லை.

குமுளி மலைவாசி:
பேட்டரிகளை வலப்பக்கம் மாற்றுவது, ஐந்து 8 பிளை டயர்கள், ஸ்டெப்னி பழைய இடத்தில், கழிவுநீருக்குக் கேன் என்று முடிவு செய்துவிட்டேன். அண்ணாச்சி, சாலையோரத்தில் நானே மாற்ற நேர்ந்தால் கவனிக்க வேண்டியவற்றையும் சொல்லிவிடுங்கள்.

புனலூர் ஓட்டுநர்:
சரிவில் நிறுத்த நேர்ந்தால், கழற்றப் போகும் சக்கரத்துக்குக் குறுக்கே மறுமூலையில் உள்ள சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். பழைய சிறிய ஜாக்கியை நம்பாமல், இந்த எடைக்குத் தகுந்த ஹைட்ராலிக் ஜாக்கியும், அது மண்ணில் புதையாமல் இருக்கக் கனத்த பலகைத் துண்டும் வைத்துக்கொள்ளுங்கள். நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே சற்று இளக்கிவிட்டு, பிறகு தூக்குங்கள். ஸ்டெப்னியை ஜாக்கி போட்ட பிறகு இறக்க முயலாதீர்கள், முதல் வேலையாகவே இறக்கி வெளியே எடுத்துவிடுங்கள். போட்டதும் நட்டுகளை வரிசையாக முடுக்காமல் எதிரெதிராக முடுக்கி, புரியில் எண்ணெய் தடவாமல், 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடியும் ஸ்பேனர் போட்டுப் பாருங்கள். புது டயர் மாட்டிக் கடையிலிருந்து கிளம்பிய பிறகும் இதைச் செய்ய வேண்டும். காற்றுத் துப்பாக்கியால் முடுக்கிய நட்டை உங்கள் வீல் ஸ்பேனரால் கழற்ற முடிகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.